செஃபிக்சிம் அட்டையை நீட்டுகிறவர்களுக்கு

காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி முடிப்பதற்குள் யாராவது ஒரு வெறும் அட்டையை நீட்டிவிடுவார்கள். "அக்கா, இதே மாத்திரையில நாலு குடுங்க. போன தடவை இதுலதான் காய்ச்சல் நின்னுச்சு." அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அது செஃபிக்சிம் 200 என்ற ஆன்டிபயாட்டிக்காக இருக்கும்.

ரங்கோனில் அனோரதா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் கடை. எங்கள் பெரியவர்கள் அந்தச் சாலையை இன்னமும் ஃபிரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள். நர்ஸாக 6 வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரின் மருந்துக்கடையில் உட்கார்ந்தேன். 24 வருஷம் ஓடிவிட்டது. நான் டாக்டர் இல்லை. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று முடிவு செய்வது சயாவின் வேலை (இங்கே டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்). ஆனால் அவர் எழுதிக் கொடுத்த மருந்து வீட்டுக்குப் போய் வயிற்றுக்குள் இறங்குகிற வரை எங்கெங்கே தவறுகிறது என்பதை அவரைவிட நான்தான் அதிகம் பார்க்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எது என்று பாருங்கள்

'செஃப்' என்று தொடங்கும் பெயர்கள் ஒரு பெரிய குடும்பம். செபலோஸ்போரின் என்பது குடும்பப் பெயர். 1945-இல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி ஊரின் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் ஜுசெப்பே பிரோட்சு என்ற பேராசிரியர் ஒரு பூஞ்சையைக் கண்டெடுத்தார். அது கிருமிகளைக் கொன்றது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாம், கை நியூட்டன் இருவரும் அதிலிருந்து மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் விழுங்கும் மாத்திரைகள் அந்த வழியில் வந்தவைதான். பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரைக் கட்டவிடாமல் இவை தடுக்கின்றன. சுவர் இல்லாத பாக்டீரியா வெடித்துச் சாகும். வைரஸுக்கு அப்படிப்பட்ட சுவரே கிடையாது. சளிக்காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் இந்த மாத்திரை ஒன்றுமே செய்யாதது இதனால்தான்.

வாயால் சாப்பிடும் செஃப் மருந்துகளில் என் கடைக்கு அடிக்கடி வருகிறவை ஐந்தாறு. செஃபலெக்சினும் செஃபட்ராக்சிலும் முதல் தலைமுறை. செஃபுராக்சிம் இரண்டாவது. செஃபிக்சிம், செஃப்போடாக்சிம், செஃப்டினிர் மூன்றாவது.

இந்தத் 'தலைமுறை' என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. மூன்றாவது என்றால் முதலாவதைவிடப் பலமானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் செய்த தவறு ஒன்று என் மனதிலிருந்து இன்னும் போகவில்லை. தீமிதி முடிந்து நாலாம் நாள் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். பாதத்தில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது. "டாக்டர்கிட்ட போக நேரமில்லம்மா, நல்ல மாத்திரையா குடு" என்றார். நல்லது என்றால் விலை கூடியது, புதியது என்று எண்ணி செஃபிக்சிம் கொடுத்தேன். மூன்று நாளில் சிவப்பு கணுக்கால் தாண்டி மேலே ஏறிவிட்டது. குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே இருந்த சயாமா, அதாவது பெண் டாக்டர், என்னிடம் கோபப்படாமல் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார்: தோலில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை செஃபிக்சிம் சரியாகப் பிடிக்காது. அதற்குப் பழைய, மலிவான செஃபலெக்சின்தான் பொருத்தம். அந்தத் தெருக்காரர் பிழைத்து வந்தார். இப்போதும் கடை வழியாகப் போகும்போது நின்று பேசுகிறார். ஆனால் அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை நான் கொடுப்பதில்லை.

ஆகவே தலைமுறையைப் பலம் என்று வாசிக்காதீர்கள். குறி மாறுகிறது, அவ்வளவுதான். முதல் தலைமுறை தோல், சதைப் புண்களில் வரும் கிருமிகளை நன்றாகப் பிடிக்கும். மூன்றாம் தலைமுறை குடல், சிறுநீர்ப்பாதைக் கிருமிகளை அதிகம் பிடிக்கும், தோல் கிருமிகளில் தளரும். செஃபுராக்சிம் இரண்டுக்கும் நடுவில் நின்று காது, சைனஸ், நெஞ்சுத் தொற்றுகளுக்குப் பயன்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. செஃபலெக்சின் எளிதில் எடுக்கக்கூடிய முதல் வகையில் இருக்கிறது. செஃபிக்சிம், செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம் எல்லாம் 'கவனித்துக் கொடு' என்ற இரண்டாம் வகை. கிருமிகள் சீக்கிரம் எதிர்க்கப் பழகிவிடும் மருந்துகள் என்பதால்தான் அந்த எச்சரிக்கை.

எங்கள் ஊருக்கு வரும் அட்டைகளில் நிறைய இந்தியாவிலிருந்து வருபவை. அவற்றில் நெடுக ஒரு சிவப்புக்கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்காக இந்திய அரசு 2016-இல் மக்களிடம் பரப்பிய அடையாளம் அது. அந்தக் கோடு கடல் தாண்டி வந்த பிறகும் அதே அர்த்தம்தான்.

பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வாசிக்கச் சொல்கிறேன். ஒரே செஃபிக்சிம் பத்து வேறு பெயர்களில் வருகிறது. சிலர் ஒரு டாக்டரிடம் ஒரு பெயரிலும் இன்னொருவரிடம் வேறு பெயரிலும் வாங்கி, இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் பாருங்கள். 'ஓ' என்று இருந்தால் பெரும்பாலும் ஆஃப்லாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் கலந்தது. 'சி.வி.' என்றால் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்தது. 'எல்.பி.' என்றால் நல்ல பாக்டீரியா சேர்த்தது. சயா வெறும் செஃபிக்சிம் என்று எழுதியிருக்க, கடையில் கலப்பு மாத்திரை வந்தால் திருப்பிக் கொடுங்கள். அதைவிட மோசம், தெருமுனைகளில் நாலைந்து மாத்திரைகளை ஒன்றாகப் பொட்டலம் கட்டி விற்பது. அதற்குள் இருப்பது எதுவென்று விற்பவருக்கே சில நேரம் தெரியாது. அப்படிப்பட்ட பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

எதற்குத் தருவார்கள், எதற்குத் தரக்கூடாது

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், நடுக்காதில் சீழ், பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண், சில நெஞ்சுத் தொற்றுகள், டைபாய்டு. இவற்றில் செஃபிக்சிம் எழுதப்படுகிறது. செஃபலெக்சினைத் தோல் தொற்றுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் எழுதுவார்கள். கொனோரியா என்ற மேகநோய்க்கு ஒரு காலத்தில் செஃபிக்சிம் கொடுத்தார்கள். இப்போது ஊசிதான் முதலில். அந்தச் சங்கடத்தோடு கடைக்கு வருபவர்களிடம், வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள், துணையையும் கூட்டிப் போங்கள் என்று மெதுவாகச் சொல்வேன்.

டைபாய்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் காய்ச்சல் என்றாலே டைபாய்டு என்று பேசுகிறார்கள். விடால் என்ற டைபாய்டு இரத்தச் சோதனையில் எண் கொஞ்சம் ஏறியிருந்தால் அதை வைத்தே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். பழைய தொற்று, பழைய தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதற்கும் அந்த எண் ஏறலாம். முடிந்தால் மாத்திரையின் முதல் வேளைக்கு முன்பே இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கக் கேளுங்கள். இரண்டு வேளை மருந்து போட்டுவிட்டுப் போனால் கிருமி வளராமல் போகலாம், உண்மை மறைந்துவிடும். உண்மையான டைபாய்டாக இருந்தால் செஃபிக்சிம் தொடங்கிய பிறகும் காய்ச்சல் இறங்க ஐந்தாறு நாள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். மூன்றாம் நாள் பயந்துபோய் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. சயாவைப் பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய ஒரு டைபாய்டு, மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின்களுக்கே மசியவில்லை. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் இவற்றைக் கரைத்துக்கொண்டிருந்தால் அந்த நிலை எங்கும் வரலாம். என் பேரப்பிள்ளைகளுக்கு டைபாய்டு வரும் நாளில் கையில் மருந்தே இல்லாமல் நிற்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதே மழைக்காலத்தில் டெங்குவும் வரும். உடல் முறிக்கிற வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் சிவப்புப் புள்ளி என்றால் இந்த மாத்திரை வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டும் வேண்டாம். பாரசிட்டமால், நிறைய நீராகாரம், உடனே டாக்டர்.

ஒவ்வாமை: மருந்து கொடுக்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி

பெனிசிலினும் செபலோஸ்போரினும் உறவுக்காரர்கள். இரண்டின் நடுவிலும் ஒரே வகையான ஒரு வளையம் இருக்கிறது. அதனால் பெனிசிலின் ஆகாதவருக்கு இதுவும் ஆகாமல் போகலாம். பழைய புத்தகங்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் என்று போட்டிருந்தார்கள். இப்போது நூற்றுக்கு இரண்டு, அதற்கும் குறைவு என்று கணிக்கிறார்கள். வளையத்தைவிட அதில் தொங்கும் பக்கக்கிளை ஒத்திருப்பதுதான் முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. செஃபலெக்சினின் கிளை ஆம்பிசிலினுடையது போலவே இருக்கும். செஃபட்ராக்சிலின் கிளை அமாக்சிசிலினுடையது. அமாக்சிசிலின் சாப்பிட்டு உதடு வீங்கியவருக்கு செஃபட்ராக்சில் கொடுப்பது ஆபத்து. செஃபிக்சிமின் கிளை வேறு. ஆனாலும் அந்த முடிவை எடுக்க வேண்டியது டாக்டர்தான்.

நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடும் மோல்மேன்காரப் பாட்டி ஒருவர் செஃபலெக்சின் சீட்டோடு வந்தார். "ஏதாவது மருந்து ஆகாதா பெரியம்மா?" என்றேன். "எனக்கு எல்லாம் ஆகும்டி" என்றார். கேள்வியை மாற்றிக் கேட்டேன். "எப்பவாவது ஊசி போட்டு மயக்கம் வந்திருக்கா? மாத்திரை சாப்பிட்டு உடம்பு தடிச்சிருக்கா?" அப்போதுதான், முப்பது வருஷத்துக்கு முன் ஒரு ஊசி போட்டதும் தொண்டை அடைத்து, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிது என்றார். பெனிசிலின் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. சீட்டைத் திருப்பிக் கொடுத்து சயாவிடம் அனுப்பினேன். அவர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'ஒவ்வாமை' என்ற சொல்லை வைத்துக் கேட்காதீர்கள். என்ன நடந்தது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் நடந்தது, என்ன மருந்து, இந்த மூன்றையும் கதையாகக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், இழுப்பு, மயக்கம் வந்திருந்தால் அது உண்மையான ஒவ்வாமை. வெறும் வயிற்றுப்போக்கு, குமட்டல் என்றால் அது பக்கவிளைவு. அதற்காக அந்த மருந்தை வாழ்நாள் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. பர்மிய டாக்டரிடம் போகிறீர்கள், பாஷை தடுமாறுகிறது என்றால் "ஸே மதெ பூ" என்று சொல்லி, ஆகாத மருந்தின் பெயரையும் சொன்னால் போதும், புரிந்துகொள்வார். அந்தப் பெயரை அட்டையிலிருந்து வெட்டி பர்ஸில் வைத்திருப்பது இன்னும் நல்லது.

அளவு: பவுண்டும் கிலோவும்

என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது, பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால்.

இங்கே உடல் எடையைப் பவுண்டில் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. சந்தையில் காய்கறி வீசையில் (சொல் நம் தமிழ் வீசைதான், இங்கே அது ஏறக்குறைய 1.63 கிலோ). ஆனால் மருந்தின் அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கு. ஒரு தாய் வந்து "பிள்ளை 33" என்பாள். அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். 33 பவுண்டை 2.2-ஆல் வகுத்தால் 15 கிலோ. குழந்தைகளுக்கு செஃபிக்சிம் வழக்கமாகக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம். 15 கிலோவுக்கு 120 மில்லிகிராம். 5 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் ஒரு நாளைக்கு 6 மில்லி. ஒரே வேளையாகவோ 3 மில்லியாக இரண்டு வேளையோ கொடுக்கலாம். அதே மருந்து 5 மில்லியில் 50 மில்லிகிராம் என்றும் வருகிறது. அப்போது 12 மில்லி. ஆகவே பாட்டில் மாறினால் "போன தடவை எத்தனை மில்லி" என்ற ஞாபகம் உதவாது. டைபாய்டுக்கு டாக்டர் இதில் இரண்டு மடங்கு வரைகூட எழுதலாம். சீட்டில் அதிகமாக இருக்கிறதே என்று நீங்களாகக் குறைக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டாக்டர் பார்க்காமல் ஒரு சொட்டும் கூடாது. பெரியவர்களுக்கு செஃபிக்சிம் நாளுக்கு 400 மில்லிகிராம், ஒன்றாகவோ 200 வீதம் இரண்டாகவோ. செஃபலெக்சின் உடலில் சீக்கிரம் கரைந்துபோகும் என்பதால் நாளுக்கு இரண்டு முதல் நான்கு வேளை எழுதுவார்கள்.

சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒரு வீட்டு டீஸ்பூன் 3 மில்லி இருக்கும், இன்னொரு வீட்டில் 7 இருக்கும். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். குழந்தையின் கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல மெல்ல விடுங்கள். தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும்.

பொடி பாட்டிலைக் கரைப்பது எப்படி

தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து முழுதும் ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது. முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் ஒட்டிய பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். குறிக்குப் பாதி அளவு தண்ணீர் விட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்க விடுங்கள். பிறகு மீதித் தண்ணீரை விட்டுக் கோடு வரை கொண்டுவந்து மறுபடி குலுக்குங்கள். நுரையைத் தண்ணீர் என்று நினைத்து நிறுத்திவிட்டால் மருந்து கெட்டியாகிவிடும், ஒவ்வொரு மில்லியிலும் அளவு கூடிப்போகும். பலர் இந்த ஒரு இடத்தில் தவறுகிறார்கள். பெட்டிக்குள் தனிக் குப்பியில் தண்ணீர் கொடுத்திருந்தால் அது முழுவதையும் ஊற்றுங்கள். கரைத்த தேதியைப் பாட்டில் மேல் எழுதுங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்குங்கள்.

எங்கே வைப்பது? இது மருந்துக்கு மருந்து மாறும். செஃபிக்சிம் கரைசல் பல கம்பெனிகளில் அறை வெப்பத்திலேயே 14 நாள் வரை தாங்கும், சிலவற்றில் 7 நாள் என்றுதான் போட்டிருக்கும். செஃபலெக்சின், செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம் கரைசல்களைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். பாட்டிலில் எழுதியிருப்பதுதான் தீர்ப்பு. மின்சாரம் முறை வைத்து வந்து போகும் ஊரில் இது லேசான விஷயம் இல்லை. நான் தாய்மார்களிடம் சொல்லும் வழி இது: சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் "எங்க வீட்ல கரண்ட் நிக்காது" என்று சொல்லுங்கள். அறை வெப்பத்தில் தாங்கும் மருந்தாக மாற்ற முடிந்தால் மாற்றுவார். முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியின் உள்பக்கமாக, ஐஸ் தண்ணீர் பாட்டில்கள் இரண்டுக்கு நடுவில் வையுங்கள், கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். உறையவும் கூடாது, உறைந்தால் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம். மண்பானைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும் என்று சில ஆயாக்கள் சொல்வார்கள். செஃபிக்சிமுக்கு அந்த நிழல் நல்லதுதான், குளிர்ப்பெட்டி கேட்கும் மருந்துக்குப் போதாது.

சாப்பாட்டோடா, வெறும் வயிற்றிலா

செஃபிக்சிமையும் செஃபலெக்சினையும் எப்படி வேண்டுமானாலும் சாப்பிடலாம். வயிறு பிசைந்தால் சோற்றுக்குப் பிறகு. செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம் மாத்திரைகள் இரண்டும் சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் நன்றாக ஏறும். காலையில் மொஹிங்கா சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளுங்கள். செஃபுராக்சிம் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, கசப்பு நாள் முழுக்க நாக்கில் நிற்கும். விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் கரைசல் கேளுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் சாப்பிடுகிறவர்கள் இந்த இரண்டு மாத்திரைகளின் சக்தி குறைந்துவிடும் என்பதை டாக்டரிடம் நினைவுபடுத்த வேண்டும். செஃப்டினிரோடு இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளுங்கள். சேர்ந்துவிட்டால் மலம் செங்கல் நிறத்தில் போகலாம். இரத்தம் என்று நினைத்து அழுதபடி ஓடிவந்த தாய் ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள்: இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், இரத்தக்கசிவு கூடலாம். செஃபலெக்சின் மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் ஏற்றக்கூடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எல்லா செஃப் மருந்துகளிலும் அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ வேண்டியிருக்கும். செஃபலெக்சின் ஏறக்குறைய முழுவதும் மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. வெளியேற வழியில்லாமல் தேங்கினால் குழப்பம், வலிப்பு வரை போகலாம். டயாலிசிஸ் செய்கிறவர் வீட்டில் கிடந்த மாத்திரையைத் தானாக எடுத்துப் போடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் இந்தக் குடும்பத்தை டாக்டர்கள் தயங்காமல் எழுதுகிறார்கள், பல வருஷ அனுபவம் உள்ள மருந்துகள். பயந்து தூக்கி எறிய வேண்டாம், ஆனால் மாதத்தைச் சொல்லி வாங்குங்கள்.

எத்தனை நாள்

சயா எழுதிய நாள்கள். அதற்குக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஸ்ட்ரெப் கிருமியால் வந்த தொண்டைப் புண்ணுக்கு 10 நாள் எழுதினால், மூன்றாம் நாளே தொண்டை சரியானாலும் பத்தையும் முடியுங்கள். பாதியில் விட்டால் சில பிள்ளைகளுக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாதக்காய்ச்சல் வரக்கூடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்காதீர்கள்.

எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சித்திரை பிறக்கும் நேரத்தில் தண்ணீர்ப் பண்டிகைக்கு ஊரே அடைத்துக் கிடக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் மருந்து தொடங்கினால், முழு நாள்களுக்கும் உள்ளதை அன்றே வாங்கிவிடுங்கள். கையில் காசு குறைவு என்று இரண்டு நாளுக்கு மட்டும் கேட்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கு மீதியைக் கடனாகக் கொடுத்து முழு அட்டையையும் அனுப்புவேன். அந்தக் கடன் திரும்பாமல் போனது மிகச் சிலரிடம்தான்.

எப்போது ஓட வேண்டும்

லேசான வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிற்றுவலி பலருக்கு வரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டே மருந்தைத் தொடரலாம். பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும், குழந்தைக்கு வாயில் வெள்ளை படிவதும் வரலாம். கெட்ட கிருமியோடு நல்லதும் சாவதால் பூஞ்சை தலையெடுக்கிறது, அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

ஆனால் முகமோ உதடோ வீங்கினாலும், இழுப்பு வந்தாலும், மயங்கினாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. தோல் கொப்புளித்து உரிந்தால், வாயும் கண்ணும் புண்ணானால் அதே அவசரம். கண் மஞ்சளானாலும், சிறுநீர் டீ நிறத்தில் போனாலும், வலிப்பு வந்தாலும் காத்திருக்க வேண்டாம். தண்ணீராக ஓயாமல் பேதி போனால், இரத்தமோ சளியோ கலந்தால், பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். குடலில் ஒரு தனிக் கிருமி பெருகியிருக்கலாம். அது மருந்து முடிந்து இரண்டு மாதம் கழித்துக்கூட வரும். அதனால் அப்போது பார்க்கும் டாக்டரிடம், முன்பு சாப்பிட்ட செஃப் மருந்தைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் கரைசல் ஊற்றிச் சூடாக்கிச் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பழைய முறையை இன்னும் வைத்திருக்கும் பெரியவர்கள் கவனியுங்கள்: இந்த மருந்து சாப்பிடும்போது அதில் பொய்யாக நிறம் மாறலாம். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரை நம்புங்கள்.

நேற்று மாலையும் ஒரு வெறும் அட்டை வந்தது. பத்து வயதுப் பையன், அம்மாவுக்குக் காய்ச்சலாம். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கடையைப் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவனோடு வீட்டுக்கு நடந்தேன். அவளுடைய முன்கையில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவளைச் சைக்கா வண்டியில் ஏற்றிக் கிளினிக்குக்கு அனுப்பினோம். அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.